பெல்ட்டில் ஐந்தாவது ஓட்டை

அன்புள்ள கதிருக்கு,

நேற்று போனில், மூன்று மாதமாக வயிற்றால் போகிறது, மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போகவேண்டி வருகிறதா? அதைக் கேட்க விட்டுப்போயிற்று.

செல்வம் சித்தப்பாவுக்கு இருபத்தாறு வயதில், 1996-ல், இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் அமீபா என்று மாத்திரை. பிறகு குடலில் டிபி என்று ஆறு மாதம் மருந்து. தினமும் ஏழெட்டு தடவை போகும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எண்ணெய் படர்ந்தாற்போல மிதக்கும். இடுப்பில் பேண்ட் நிற்காமல் பெல்ட்டில் ஆணி வைத்து அடித்து ஐந்தாவது ஓட்டை போட்டுக் கொடுத்தேன். வாங்கிய கையை அன்றுதான் கவனித்தேன். விரல் நுனிகள் உருண்டு, நகம் உப்பிக் கவிழ்ந்திருந்தது.

வேலூருக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். வாய் வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலில் நாலைந்து இடத்தில் சதை கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். குடலில் வரும் அபூர்வமான லிம்போமா, அதாவது ஒருவகைப் புற்றுநோய்; ஐபிஎஸ்ஐடி என்று பேர். தண்ணீர் சுத்தமில்லாத ஊர்களில் இளவயதுக்காரர்களுக்குத்தான் அதிகம் வருமாம். ஆரம்பக் கட்டமாக இருந்ததால் டெட்ராசைக்ளின் மாத்திரையே ஆறு மாதம் கொடுத்தார்கள். புற்றுநோய்க்கு ஆன்டிபயாடிக்கா என்று பாட்டி நம்பவே இல்லை. கேம்பைலோபாக்டர் என்ற கிருமிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று 2004-ல் பாரிஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். முற்றியிருந்தால் கீமோதெரபிதான். மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் மாதம் செல்வம் ரசம் சாதத்தை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பாட்டி அடுப்படிக்குப் போய் அழுதாள்.

உனக்கு அதுதான் என்று சொல்லவில்லை ராசா. பேதி நீடிக்க எத்தனையோ சாதாரணக் காரணம் உண்டு. ஆனால் நாலு வாரம் தாண்டி, எடையும் குறைந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. குடல் டாக்டரைப் பார். மலம், ரத்தம் பார்த்தும் காரணம் தெரியாவிட்டால், எண்டோஸ்கோபியில் பார்வைக்குச் சரியாக இருந்தாலும் சதை எடுத்துப் பார்க்கலாமா என்று நீயே கேள். சித்தப்பா கதையையும் சொல்.

பொங்கலுக்கு வந்தபோது அரிசி மண்டித் தராசில் 71 கிலோ இருந்தாய். இன்றைக்கே எடை பார்த்து, கூட்டாமல் குறைக்காமல் எனக்குச் சொல்.

அப்பா