எங்கள் தெருவுக்கு, முக்கியமாக எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு

நெகமத்துச் சொந்தங்களுக்கு வணக்கமுங்க.

நம்மூர் நெகமம் கைத்தறிச் சேலை மாதிரி நான் செய்த கேக் பத்திரமாகப் பொள்ளாச்சி மண்டபம் போய்ச் சேர்ந்து, வெட்டியும் ஆயிற்று. நேற்று ராத்திரி நான் அழுதது தெருக்கோடி வரை கேட்டிருக்கும், அதனால் அந்தக் கதையை மறுபடி சொல்லவில்லை. நகக்கண்ணில் அரக்குச் சாயம் இன்னும் போகவில்லை. அதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இன்வெர்ட்டர் ஒயரை ஜன்னல் வழியாக நீட்டிய அண்ணன், சோள மாவுக்காகப் பூட்டின கடையைத் திறந்தவர், பிள்ளைக்குச் சோறூட்டித் தூங்கவைத்த அக்கா, ஏசியை முழுசாக வைத்து ஒவ்வொரு வேகத்தடையிலும் பிரசவத்துக்குக் கூட்டிப்போவது போல வண்டி ஓட்டிய தம்பி, எல்லாருக்கும் நன்றிங்க.

பெரியம்மா கதை வேறு. 11 மணிக்கு மேல் விளக்கெரிகிறதே என்று சும்மா எட்டிப் பார்க்கத்தான் வந்தார். 80 வயசுப் பாட்டிக்கு, அவர் கட்டுகிற நெகமம் சேலையை மடித்து வைத்தது போல ஒரு கேக். அரக்கு ஃபாண்டன்ட்டை, அதாவது கேக் மேல் போர்த்துகிற சர்க்கரை மாவை, தேய்த்து விரித்து, மேலே மஞ்சள் பட்டைகளை நெடுக்கும் குறுக்குமாக ஒட்டிவைத்திருந்தேன். பார்த்தார். “தறியில நெய்ஞ்சதாட்டம் இல்ல கண்ணு, ரிப்பன் ஒட்டுனதாட்டம் இருக்குது” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து தன் சேலையைக் கொண்டுவந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசி முனையால் ஒரு கோட்டின் நூல்களை விலக்கிக் காட்டினார். ஒரு மஞ்சள், ஒரு அரக்கு, மறுபடி ஒரு மஞ்சள். “நெடுக்க ஓடற பாவு மஞ்ச, குறுக்க ஓடற ஊடை அரக்கு. அப்ப பாதி மஞ்சதான தெரியும்? ரெண்டும் மஞ்சயா வந்து குறுக்க வெட்டற எடம் மட்டுந்தான் முழு மஞ்ச.”

அவ்வளவுதான் விஷயம். மஞ்சளோடு அரக்கைக் கொஞ்சம் பிசைந்து ஒரு மங்கல் நிறம் எடுத்தேன். கோடுகளெல்லாம் அதில். குறுக்கே வெட்டுகிற இடத்தில் மட்டும் பளிச்சென்ற மஞ்சளில் சின்னச் சதுரம். அப்புறம் உருளைக்கட்டையை லேசாக ஒருமுறை ஓட்டியதும் எல்லாம் உள்ளே அமுங்கி ஒரே தளமாகிவிட்டது. கோட்டுக்குக் கோடு எவ்வளவு இடைவெளி என்று விரலை வைத்து அளந்து சொன்னவரும் அவர்தான். சேலைக்கரையை மடித்தபோது நிஜமாகவே துணி விழுகிற மாதிரி விழுந்தது.

நம்மூர்ச் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடியவள் நான். ஆனால் அந்தக் கட்டத்தை ஒருநாளாவது கிட்டத்தில் பார்த்திருக்கிறேனா? தறிச்சத்தம் கேட்டே வளர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. இனி துணி மாதிரி கேக் வேண்டும் என்று யார் கேட்டாலும், அந்தத் துணியை ஒருநாளாவது கையில் வைத்துப் பார்க்காமல் முன்பணம் வாங்க மாட்டேன்.

மண்டபத்தில் அந்தப் பாட்டி கத்தியை வாங்கிக்கொண்டு, வெட்டாமல் முதலில் கரையைத் தடவிப் பார்த்தாராம். தம்பி வந்து சொன்னான்.

பெரியம்மா, உங்களுக்குச் சர்க்கரை என்று ஒரு துண்டுகூடத் தொடவில்லை. சாயங்காலம் வருகிறேன், வெறும் காப்பி போட்டு வையுங்க. கண்ணாடியை என் மாவு டப்பா மேலேயே விட்டுப் போய்விட்டீர்கள். துடைத்து வைத்திருக்கிறேன்.