போட்ரம் கோட்டையின் சுவரையும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

துருக்கியின் போட்ரம் கோட்டை பற்றி உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். கடலும் படகுகளும் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் 'சிலுவைப்போர் வீரர்கள் கட்டிய கோட்டை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. எதை எடுத்துக் கட்டினார்கள் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

பண்டைய ஏழு உலக அதிசயங்களில் ஒன்றான மன்னர் மௌசோலஸின் கல்லறை அந்த ஊரில்தான் இருந்தது. அவர் கி.மு. 353-ல் இறந்தவர், கல்லறையின் உயரம் சுமார் 45 மீட்டர். நிலநடுக்கத்தில் சரிந்து கிடந்த அதை, ரோட்ஸ் தீவிலிருந்து வந்து 1400களின் தொடக்கத்தில் கோட்டை கட்ட ஆரம்பித்த புனித யோவான் சபை வீரர்கள் (நீங்கள் சொன்ன சிலுவைப்போர் வீரர்கள் இவர்கள்தான்) கல் குவாரியாக்கிக்கொண்டார்கள். விழுந்த கல்லை எடுத்தது பெரிய குற்றமில்லை, எல்லா ஊரிலும் நடந்ததுதான். ஆனால் 1522-ல் ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் படை வருகிறது என்றதும் இன்னும் தோண்டி, சலவைக்கல்லைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள் பாருங்கள், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்படியும் என்ன ஆயிற்று? ரோட்ஸ் வீழ்ந்ததும் 1523-ல் இந்தக் கோட்டையும் கைவிட்டுப் போனது.

சுவரருகே போய்ப் பார்த்தால் பச்சைச் சாயலில், சதுரமாகச் செதுக்கிய எரிமலைக் கற்கள் தெரியும்; அவை கல்லறையிலிருந்து வந்தவை. ஆங்கிலேயர் கோபுரத்தின் வெளிச்சுவரில் ஒரு பழைய சிங்கச் சிற்பத்தையே பதித்திருக்கிறார்கள். சுவர்களில் பதித்திருந்த, கல்லறையின் போர்க்காட்சிச் சிற்பப் பலகைகளை 1846-ல் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

அதற்கப்புறமும் கோட்டை சும்மா இருக்கவில்லை. உள்ளே இருந்த தேவாலயம் மசூதியானது, 1895-ல் கோட்டையே சிறையானது, முதல் உலகப் போரில் பிரெஞ்சுக் கப்பல் சுட்டதில் மசூதியின் மினார் விழுந்து பிறகு மறுபடி எழுப்பப்பட்டது. 1960களில் இருந்து கடலடித் தொல்லியல் அருங்காட்சியகம். அங்கே வைத்திருக்கும், 3,300 ஆண்டுகளுக்கு முன் துருக்கிக் கடலோரத்தில் மூழ்கிய உளுபுருன் என்ற கப்பலில் கிடைத்த செம்புக் கட்டிகள் மட்டுமே சுமார் 10 டன்!

கல்லறை இருந்த இடம் கோட்டையிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். இப்போது அங்கே ஒரு பள்ளமும் உடைந்த தூண் துண்டுகளும்தான் மிச்சம். கட்டுரையாளர் அங்கே போனதாகத் தெரியவில்லை. அடுத்த முறை எழுதும்போது, முதலில் அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கோட்டைக்குப் போகச் சொல்லுங்கள், அந்தப் பச்சைக் கல் சுவரின் படத்தையும் கட்டாயம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்