நோட்டீஸில் ஊர் பேர்தான் போடுவார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் இதைப் பேச ஆரம்பித்தால் நான் அழுவேன், நீ "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளை வீட்டில் குடும்பப் பின்னணி என்னவென்று கேட்டதற்கு, அம்மா நாடகக்காரி என்பதை மறைத்து, வீட்டிலேயே துணி தைக்கிறார் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாய். கோபமில்லை என்று எழுதினால் பொய். முதல் நாள் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். தைப்பதும் நிஜம்தானே. ஐப்பசி கார்த்திகையில் நாடகமே இல்லாத நாட்களில் அந்த மெஷின்தான் நமக்குச் சோறு போட்டது. நானும் பஸ்ஸில் போகும்போது ஒற்றைப் பின்னலும் நூல்சேலையுமாக, வாத்தியாரம்மா மாதிரிதான் போயிருக்கிறேன். ஊர் எல்லை தாண்டி வேனில் ஏறிய பிறகுதான் பூ வைப்பேன். நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் பின்னணி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்கள். அதைச் சொல்கிறேன். அவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

நான் நாடகக்காரி வீட்டில் பிறந்தவள் இல்லை. உன் தாத்தா கல் உடைத்தவர். எனக்குப் பன்னிரண்டு வயதில் அவர் போய்விட்டார். உன் ஆச்சி ஒரு ஆர்மோனிய வாத்தியார் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அவர் உள்ளே யாருக்கோ பாடம் சொல்வார், நான் திண்ணையில் இருந்தபடியே பாட்டை வாங்கிக்கொள்வேன். ஒரு நாள் அங்கே படித்த பெண் தடுமாறிய அடியை நான் வெளியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாத்தியார் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், நாடகத்தில் பெண் வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் ஆகிவிட்டேன். முதல் நாடகத்துக்கு 60 ரூபாய்.

உன் அப்பா தறிக்காரக் குடும்பம். நெசவு நேரத்தில் ஆர்மோனியம் வாசிக்கிறான் என்று அண்ணன்மார் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தார்கள். அவர் பெட்டியோடு நடந்துவிட்டார்.

போன வாரம் திருமயம் பக்கத்தில் வள்ளி திருமணம் நாடகம். உடம்புக்கு முடியாத ஒருத்திக்காக நான் போனேன். ராஜபார்ட், தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வந்த பையன். பபூன், காரைக்குடியில் டீக்கடையில் கிளாஸ் கழுவியவர். டான்ஸ் ஆடிய பெண்ணுக்கு அம்மாவும் அம்மாச்சியும் மேடைதான். அவளுக்கு வேறு வழி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மிருதங்கக்காரரின் அப்பா சாவு வீட்டுக்கு மேளம் அடித்தவர். நாரதர் ஒரு பாய் வீட்டுப் பிள்ளை. அவர் முருகன் விருத்தம் எடுத்தால் முன்வரிசைக் கிழவிகள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். இத்தனை வீட்டிலிருந்து வந்த எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஊர்க்காரர்கள் ஒரே சாதிதான் வைத்திருக்கிறார்கள்: கூத்தாடி.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்று உன் மாமியாருக்குத் தெரியாமல் இருக்கலாம். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, ஒத்திகை கிடையாது. ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகத் தேதி வாங்குவார்கள். சாயங்காலம் நாலா ஊரிலிருந்தும் வந்து சேர்வோம். சில பேரை அன்றைக்குத்தான் முதல்முதலில் பார்ப்போம். மேடை ஏறியதும் நாரதர் வள்ளியைத் தர்க்கத்துக்கு இழுப்பார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது, நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் ஓடும். எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்திருப்பதால்தான் இது முடிகிறது. அந்தப் பாடத்தை எழுதி வைத்துவிட்டுப் போனவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

அவர் பின்னணியைக் கேள். தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தார். உப்பு கம்பெனியில் கணக்கு எழுதினார். இருபத்துநாலு வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். எமன், சனீஸ்வரன் என்று பயங்கரமான வேஷங்கள் கட்டினார். அதைப் பார்த்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்துபோனதாகவும், அதோடு வேஷம் கட்டுவதை விட்டு வாத்தியாராகவே இருந்துவிட்டதாகவும் சொல்வார்கள். 1918-ல் மதுரையில் பையன்களை வைத்து சபை தொடங்கினார். 1922-ல் பாண்டிச்சேரியில் காலமானார். கணக்குப் பிள்ளை எழுதிய பாட்டைத்தான் நான் திண்ணையிலிருந்து திருடினேன்.

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கியவர். செங்கோட்டை கிட்டப்பாவோடு ஜோடியாக நடித்து, அவரையே கட்டிக்கொண்டார். 1933-ல் கிட்டப்பா தன் 27 வயதில் இறந்துபோனார். அதன்பிறகு அந்த அம்மா வெள்ளைச் சேலைதான். பின்னால் சட்ட மேலவைக்கே போனார். சினிமாவில் ஔவையாராக வந்த அவரைக் கும்பிட்டவர்கள்தான், நான் நாடகக்காரி என்று தெரிந்ததும் பக்கத்து ஸீட்டிலிருந்து எழுந்து போனவர்கள். எனக்கு இது இன்றுவரை விளங்கவில்லை.

சரி, உன் பின்னணிக்கு வருகிறேன். மறந்திருப்பாய், அல்லது மறந்த மாதிரி இருப்பாய். உனக்கு ஆறு வயது. அரிச்சந்திரா நாடகத்தில் மகன் லோகிதாசன் வேஷம் கட்ட வேண்டிய பையனுக்குக் காய்ச்சல். திரைக்குப் பின்னால் வேஷப் பெட்டிமேல் என் சேலையை விரித்து நீ தூங்கிக்கொண்டிருந்தாய். ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பி, முகம் கழுவி, முடியைத் தூக்கிக் கட்டி அனுப்பினோம். தர்ப்பை பறிக்கப் போனாய், பாம்பு கடித்தது, விழுந்தாய். விழுந்தவள் நிஜமாகவே தூங்கிவிட்டாய். உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் ஒப்பாரி வைக்கிறேன். பொம்பளைகள் மேடை ஏறி, செத்துக் கிடக்கிற பிள்ளையின் சட்டையில் பத்து ரூபாய் நோட்டாகக் குத்துகிறார்கள். மூன்றாவது நோட்டு குத்தும்போது முழித்துக்கொண்டாய். கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் மெதுவாக நகர்த்தித் தடவிப் பார்த்தாய். ஆர்மோனியத்தில் உன் அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு சுரம் தவறவிட்டார். அவர் சுரம் தவறி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். விடிந்ததும் அந்தக் காசில் உனக்கு இரண்டு இட்லியும் ஒரு ரப்பர் வளையலும் வாங்கினோம்.

இத்துடன் ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். என் பேருக்கு முன்னால் புதுக்கோட்டை என்று இருக்கும். நாடக நோட்டீஸில் ஊர் பேர்தான் போடுவார்கள். அப்பா பேரும் இராது, சாதியும் இராது. போட்டோ பழசு, அதைப் பார்த்து ஏமாறாதே. போன வாரம் மாதிரி ஆள் இல்லாத நாளைத் தவிர, இப்போது எனக்கு சந்திரமதி மட்டும்தான் தருகிறார்கள், வள்ளிக்கு வயது தாண்டிவிட்டது.

வருகிற மாசி 20, அரிச்சந்திரா. அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி, நோட்டீஸைக் கிழித்துப் போட்டாலும் சரி. வருவதாக இருந்தால் ஒன்று. பத்து மணி என்று போட்டிருக்கும், பதினொன்றுக்கு முன்னால் திரை விலகாது. மயான காண்டத்துக்கு மூன்று மணியாகும். மாசிப் பனி கடுமையாக இறங்கும். அந்த அம்மாவுக்கு ஒரு போர்வை எடுத்து வா.

இப்படிக்கு,
அம்மா