தேவாலயத் திருப்பணி நிறைவு அறிக்கை

சபை அங்கத்தினர்களுக்குத் தோத்திரம். சுவர், மேல்தளம், வடிகால் வேலைகள் முடிந்து சாரம் பிரித்தாயிற்று. வரவு செலவுக் கணக்கு தணிக்கைக்குப் பின் தனியே வரும்.

சுவர் பொரிந்ததற்குக் காரணம் பிற்காலத்தில் பூசிய சிமென்ட்தான். போர்ட்லண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்ததே 1824-இல். தரங்கம்பாடியில் 1701-இல் எழுந்த சீயோன் ஆலயம், 1718-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் போன்ற நம் கடற்கரைப் பழங்கட்டடங்கள் சுண்ணாம்புக் காலத்தவை. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே உடைக்கும். பலிபீடத்துக்குப் பின்சுவரில் பூச்சைத் தட்டி எடுத்தபோது செங்கல் மாவாக உதிர்ந்தது.

சிமென்டை உளியால் மெதுவாகவே எடுத்தோம். இயந்திரம் வைத்தால் கல்லும் சேர்ந்து போகும். காகிதக்கூழும் களிமண்ணும் குழைத்து அப்பி, காய்ந்ததும் உரித்து, உப்பு குறையும்வரை திரும்பத் திரும்பச் செய்தோம். பிறகு நன்றாக நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்று மணல் 3 பங்கு, கடுக்காய் ஊறிய தண்ணீர், கொஞ்சம் வெல்லம். ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் போகவில்லை. கனமாகப் பூசினால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து வெடிக்கும். கடற்காற்று அதை இன்னும் விரைவாக்கும். அதனால்தான் ஈரச்சாக்கு கட்டினோம். பார்க்க அழகில்லை என்று சிலர் குறைப்பட்டது நியாயமே.

மேல்தளம் மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைக்கும் பழைய முறைத் தளம். சுவருக்குள் புதைந்த தேக்கு உத்திரங்களின் முனை மட்டுமே இற்றிருந்தது. அழுகிய நுனியை வெட்டிப் புதுத் தேக்கை ஒட்டுப்போட்டு, முனையைச் சுற்றிக் காற்றோட்டத்துக்கு 25 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறோம். செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தைக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டை ஓடுகள் பதித்தாயிற்று.

வடபுறச் சுவரில் அடைபட்ட வளைவு ஒன்று தெரிந்தது. மெல்லிய பழைய செங்கல்லுக்கு நடுவே தடித்த செங்கல். பிற்பாடு மூடப்பட்ட வாசல். மூடிப் பூசிவிடாமல் அதன் விளிம்பை விட்டுவைத்தோம்.

வெளிமண் மேடேறி அடிச்சுவரைப் புதைத்திருந்தது. அதை இறக்கி, தண்ணீர் சுவரைவிட்டு ஓடும்படி சரிவு கொடுத்திருக்கிறோம்.

இனிமேல் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் கூடாது, வெள்ளையடிப்பு மட்டுமே. பண்டிகைத் தோரணத்துக்கு ஆணி அடிக்க வேண்டாம். மழைநீர்க் குழாய்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில் சுத்தம் செய்யவேண்டும்.

— திருப்பணிக் குழு