ஈத்தேன் இருக்கிறது, ஆலை ஏன் வரவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஷேல் எனப்படும் களிப்பாறையிலிருந்து எரிவாயு எடுக்கும் பகுதியில் திட்டமிடப்பட்ட பெட்ரோகெமிக்கல் ஆலைகளின் எதிர்காலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எரிவாயுவோடு கலந்து வரும் ஈத்தேன் என்ற மூலப்பொருள் காலடியிலேயே கிடைக்கும்போது ஆலைக்கு நஷ்டம் எப்படி வரும் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். மணலியில் ரசாயனப் பொறியாளராக வேலை பார்த்து, பிறகு பிட்ஸ்பர்க் பக்கம் வந்து குடியேறியவன் நான். இந்தக் கேள்வியோடுதான் இங்குள்ள மக்கள் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஒஹாயோ மாநிலத்தின் பெல்மாண்ட் கவுண்டியில், ஒஹாயோ ஆற்றை ஒட்டி, டில்லஸ் பாட்டம் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே மூடப்பட்ட ஓர் அனல்மின் நிலையம் இருந்த இடத்தில் ஈத்தேன் கிராக்கர் ஆலை கட்டப்போவதாகத் தாய்லாந்தின் பி.டி.டி. குளோபல் கெமிக்கல் நிறுவனம் 2015ஆம் ஆண்டு அறிவித்தது. ஈத்தேனை அதிக வெப்பத்தில் உடைத்து, பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எத்திலீனாக மாற்றுவதுதான் கிராக்கரின் வேலை. ஆண்டுக்கு 15 லட்சம் டன் எத்திலீன் தயாரிப்பதாகத் திட்டம். முதலில் ஜப்பானின் மருபேனி நிறுவனம் கூட்டாளியாக இருந்து விலகியது. 2018இல் தென்கொரியாவின் டேலிம் நிறுவனம் சேர்ந்தது. 2020 ஜூலையில் அதுவும் விலகியது. முதலீடு குறித்த இறுதி முடிவு அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இதற்குள் பழைய மின்நிலையத்தின் புகைபோக்கியைத் தகர்த்து, சுற்றியிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி இடித்து, நிலத்தைச் சமன்செய்துவிட்டார்கள். ஒஹாயோவின் தொழில் வளர்ச்சி அமைப்பான ஜாப்ஸ்ஒஹாயோவும் இதில் கோடிக்கணக்கான டாலரைப் போட்டது. ஆலை மட்டும் எழும்பவில்லை.

ஆற்றின் மறுகரையில், மேற்கு வர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில்லில், ஒரு சிறிய உணவகத்தில் ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆலை வந்தால் கூடுதலாக நான்கு மேசை போட இடம் பார்த்து வைத்திருப்பதாக அதன் உரிமையாளர் சொன்னார். அந்த மனிதரின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மூலப்பொருள் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதிப் பாறைகளிலிருந்து வரும் எரிவாயுவில் ஈத்தேன் நிறைய இருக்கிறது. வீடுகளுக்குக் குழாயில் போகும் எரிவாயுவில் அது ஓர் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. பிரித்தெடுத்தே ஆக வேண்டும். பக்கத்தில் வாங்குவார் இல்லாததால் குழாய்கள் போட்டார்கள். ஒரு குழாய் கனடாவின் சார்னியாவுக்குப் போகிறது. இன்னொன்று டெக்சஸ் வரை போகிறது. மற்றொன்று பிலடெல்பியாவுக்கு அருகே மார்க்கஸ் ஹூக் துறைமுகத்துக்கு. அங்கிருந்து 2016 முதல் நார்வேக்கும் ஸ்காட்லாந்துக்கும் கப்பல்கள் கிளம்பின. நம் குஜராத்தின் தஹேஜுக்கே ரிலையன்ஸ் ஆறு பெரிய கப்பல்களை வைத்து அமெரிக்க ஈத்தேனைக் கொண்டுபோகிறது. பாதி உலகத்தைச் சுற்றிப் போகிற பொருளுக்குக் கிணற்றடியில்தான் ஆலை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டெக்சஸில் ஈத்தேனைச் சேமிக்க உப்புப் பாறைக் குகைகள், குழாய் வலைப்பின்னல், துறைமுகம், பழகிய தொழிலாளர்கள் எல்லாமே இருக்கின்றன. இங்கே ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

இன்னொன்று, விலை. இந்தப் பகுதியில் இப்படிப்பட்ட ஆலைகள் பற்றிய பேச்சு தொடங்கிய காலத்தில் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியிருந்தது. ஆசியாவும் ஐரோப்பாவும் பெரும்பாலும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் நாஃப்தா என்ற திரவத்தைக் கொண்டு எத்திலீன் செய்பவை. அவர்களுடைய செலவுக்கும் ஷேல் ஈத்தேன் செலவுக்கும் இடையே இருந்த இடைவெளிதான் லாபமாகக் கணக்கிடப்பட்டது. 2014 இறுதியில் எண்ணெய் விலை சரிந்ததும் அந்த இடைவெளி சுருங்கியது. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கடற்கரையில் புதிய ஆலைகள் வரிசையாக வந்தன. சீனா தனக்கென்று ஏராளமாகக் கட்டிக்கொண்டது. எத்திலீனிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் குருணை சந்தையில் குவிந்தது. பல ஆண்டு கழித்து உற்பத்தியைத் தொடங்கும் ஓர் ஆலைக்கு இன்றைய ஈத்தேன் விலையை மட்டும் வைத்து எதிர்காலம் சொல்லவே முடியாது. கட்டுரை தவறவிட்டது இதைத்தான்.

இந்தப் பகுதியில் வந்தேவிட்ட ஆலை ஒன்று உண்டு. பென்சில்வேனியாவின் பீவர் கவுண்டியில், மொனாகாவில், பழைய துத்தநாக உருக்காலை இருந்த இடத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனம் கட்டியது. 2022 நவம்பரில் உற்பத்தி தொடங்கியது. ஆண்டுக்கு 16 லட்சம் டன் பாலிஎத்திலீன் அதன் திறன். இதற்காகவே மாநில அரசு 2012இல் 25 ஆண்டுகளுக்கு 165 கோடி டாலர் வரைக்குமான வரிச்சலுகையைச் சட்டமாக்கியது. 600 கோடி டாலரில் முடியும் என்று பேசப்பட்ட ஆலைக்கு ஏறத்தாழ 1,400 கோடி டாலர் ஆனதாகச் செய்திகள் வந்தன. தொடங்கிய சில மாதங்களிலேயே காற்று மாசு வரம்பை மீறியதற்காக ஏறத்தாழ 1 கோடி டாலர் செலுத்த 2023 மே மாதம் ஒப்புக்கொண்டார்கள். 2025 மார்ச்சில், தன் அமெரிக்க ரசாயனத் தொழிலுக்குக் கூட்டாளிகளைத் தேடும் வாய்ப்பை ஆராய்வதாக ஷெல்லே முதலீட்டாளர்களிடம் சொன்னது.

நான் ஆலைக்கு எதிரி இல்லை. எஃகு ஆலைகள் மூடிய பிறகு பீவர் கவுண்டி பட்ட பாட்டை இங்கே வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மொனாகா கட்டுமானத்தில் ஆயிரக்கணக்கான வெல்டர்களும் குழாய் பொருத்துநர்களும் மின்பணியாளர்களும் சில ஆண்டுகள் நல்ல சம்பளம் பார்த்தார்கள். அது அவர்களுடைய வீட்டுக்கடனை அடைத்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஆனால் கட்டி முடித்ததும் நிரந்தர வேலை சுமார் 600 பேருக்குத்தான். உங்கள் கட்டுரை இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்திருக்கிறது. வேலையில்லாத ஊரில் அந்த எண்ணை நம்பிப் பயிற்சிக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கடன் வாங்கிக் கடை திறக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மேற்கு வர்ஜீனியாவில் 2017இல் சீன நிறுவனம் ஒன்றுடன் 8,370 கோடி டாலருக்குப் போடப்பட்ட புரிந்துணர்வு ஒப்பந்தமும், பார்க்கர்ஸ்பர்க்கில் பிரேஸில் நிறுவனம் கட்டவிருந்த கிராக்கரும் டில்லஸ் பாட்டம் ஆலையின் வழியில்தான் போயின. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது முதலீடு அல்ல. இறுதி முடிவில் கையெழுத்து விழுவதற்கு முன்னால் பொதுப்பணத்தையும் மக்களின் வீடுகளையும் பணயம் வைக்கக் கூடாது என்று இங்கே பலரும் கத்திப் பார்த்துவிட்டோம்.

அடுத்த முறை இப்படியொரு திட்டத்தைப் பற்றி எழுதும்போது, இறுதி முதலீட்டு முடிவு எடுக்கப்பட்டுவிட்டதா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். கட்டுமான வேலையையும் நிரந்தர வேலையையும் தனித்தனி எண்ணாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா