பல்லாவரத்தில் ஒரு கல் நட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் போக்குவரத்து நெரிசல் பற்றிய செய்தியில் எங்கள் ஊரை "விமான நிலையம் அருகே உள்ள பல்லாவரம்" என்று போட்டிருந்தீர்கள். தப்பில்லை. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் விமானம் இறங்கும்போது சக்கரம் வெளியே வருவதே தெரியும். ஆனாலும் முப்பத்துநான்கு வருஷம் இந்த ஊரில் தபால் பை தூக்கியவனுக்கு அந்த வரி கொஞ்சம் உறுத்தியது. விமானம் பறப்பதற்கு ரொம்ப காலம் முன்பே இங்கே ஊர் இருந்தது ஐயா.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே ஊர் பிடிபடவில்லை. வெறுமனே "பல்லாவரம்" என்று முகவரி எழுதிய கடிதம் வந்தால் சார்ட்டிங் மேசையில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஜமீன் பல்லாவரமா, ஈசா பல்லாவரமா, பழைய பல்லாவரமா, கண்டோன்மென்ட் பல்லாவரமா? பின்கோடு வேறு 600043 என்றும் 600117 என்றும் பிரியும். கண்டோன்மென்டில் வெட்டரன் லைன்ஸ் என்று ஒரு பகுதி. ஓய்வுபெற்ற சிப்பாய்களின் ஞாபகம் அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாகல்கேணிப் பக்கம் பீட் போட்டால் தோல் கம்பெனி வாடை வீடு வரை கூட வரும், குளித்தாலும் போகாது. பக்கத்து ஊர் குரோம்பேட்டையின் பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். வெள்ளிக்கிழமை என்றால் சந்தை. பழைய மிக்ஸி, புறா, ரோஜாச்செடி, கதவு நிலை, ஒற்றைச் செருப்பு வரை கிடைக்கும். அன்றைக்கு மட்டும் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் கடிதம் கொடுப்பேன்.

சரி, சொல்ல வந்தது கல்லைப் பற்றி.

என் அப்பா சித்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். திரிசூலம் மலை குவாரியில் கல் உடைத்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நான் சோற்றுத் தூக்கு எடுத்துப் போவேன். சிவப்புக் கொடி கட்டி விசில் ஊதினால் மருந்து வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பாறை மறைவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். வெடித்த பிறகு பெரிய கல்லைச் சம்மட்டியால் பிளப்பார்கள். பெண்கள் உட்கார்ந்து ஜல்லியாக உடைப்பார்கள். சென்னையில் எத்தனையோ வீடுகளின் தளத்தில் எங்கள் மலை படுத்திருக்கிறது. இப்போது குவாரிகள் நின்றுபோய் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. பார்க்க அழகாக இருக்கும். குளிக்க இறங்கிய பையன்கள் வீட்டுக்கு நானே தந்தி கொண்டுபோயிருக்கிறேன்.

அந்தக் கல்லுக்கு உலக நிலவியலில் ஒரு பெயர் உண்டு என்று எனக்குத் தெரியவந்தபோது ஐம்பது வயது தாண்டிவிட்டது. சார்னோக்கைட் என்று பெயர். வைத்தவர் நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து, 1893இல். கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் பதித்த பலகைக் கல் எங்கள் பக்கத்து மலையிலிருந்து போனது. அதே வகைப் பாறைக்கு அவர் பெயரையே ஹாலந்து சூட்டிவிட்டார். இந்த சார்னாக்தான் கல்கத்தாவை நிறுவியவர் என்று பள்ளியில் படித்தோம். 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அப்படிச் சொல்ல முடியாது என்றுவிட்டது. ஊர் அவரை விட்டுப் போய்விட்டது, எங்கள் கல் மட்டும் இன்னும் அவர் மேலேயே கிடக்கிறது! உடைத்தவனுக்கு நாள் கூலி, படுத்தவனுக்குப் பெயர் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரிக்க ஆசை. அதற்குள் அவர் போய்விட்டார்.

இந்தக் கல்லில் உளி வைத்தவர்களில் அப்பா ரொம்பப் பிந்தியவர். ஊருக்குள்ளேயே ஒரு சின்ன மலை. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அதைக் குடைந்து ஐந்து அறைகள் கொண்ட குகைக் கோயில் செய்தான். அவனுடைய பட்டப்பெயர்கள் இன்னும் தூணில் இருக்கின்றன. ஐந்து அறை என்பதால் ஜனங்கள் பஞ்சபாண்டவர் மலை என்றார்கள். இன்றைக்கு அது தர்கா. பல்லவபுரம் என்பது தேய்ந்து பல்லாவரம் ஆனது என்பார்கள். மறைமலை அடிகள் 1911இல் கல்லூரி வேலையை விட்டு இங்கே குடிவந்து, 1950இல் காலமாகும் வரை இங்கேயே இருந்தார். 1916இல் வேதாசலம் என்ற தன் பெயரை மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டதும் இந்த ஊரில்தான். அவர் சேர்த்த புத்தகங்கள் பிறகு சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் நூலகமாயின. அவரைப் பற்றி அறிந்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், நான் என்ன புதிதாகச் சொல்ல.

யாரும் எழுதாதது, எழுதினாலும் ஊர்க்காரர்களுக்கு வந்து சேராதது இன்னொன்று. 1863ஆம் வருஷம் மே 30ஆம் தேதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இருபத்தெட்டு வயது ஆள், பல்லாவரம் பட்டாளத்து மைதானத்தை ஒட்டிய சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். பார்க்கிறவர் காலால் தள்ளிவிட்டுப் போகிற கல்தான். ஆனால் அது யாரோ சில்லுச் சில்லாகத் தட்டி, முனையைக் கூராக்கி, கைக்கு அடங்கச் செய்த கோடரி. பழைய கற்கால மனிதர் இந்தியாவில் வாழ்ந்தார் என்பதற்கு அறியப்பட்ட முதல் சான்று அதுதான். அதே வருஷம் செப்டம்பரில் ஃபூட்டும் கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கும் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் நிறையவே கண்டெடுத்தார்கள். அங்குள்ள கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011இல் ஆய்வு முடிவு வந்தது. பெயரெல்லாம் அத்திரம்பாக்கத்துக்குப் போனது. போகட்டும், பொறாமை இல்லை. கணக்கு ஆரம்பித்தது எங்கள் ஊர்க் குழியில்.

ஃபூட் சேர்த்த கற்கள் எழும்பூர் மியூசியத்தில் இருப்பது தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். கண்ணாடிப் பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "தட்டினது பழகின கை. ஆனா கல்லு நம்ம மலைக் கல்லு இல்ல" என்றார். நான் அப்போது நம்பவில்லை. பின்னால் படித்துப் பார்த்தால், அந்தக் கருவிகள் குவார்ட்சைட் என்ற வேறு கல்லில் செய்தவை.

என் கோரிக்கை சின்னது. 2021 நவம்பரில் எங்கள் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. வரி ரசீதில் இப்போது தாம்பரம். பெரிய ஏரியை இருநூறடி ரோடு இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. அதையெல்லாம் திருப்பிக் கேட்கவில்லை. மே 30, 1863 என்று தேதி போட்டு, என்ன கிடைத்தது என்று நாலு வரி தமிழில் செதுக்கி ஒரு கல் நட வேண்டும். இத்தனை வருஷம் நான் நடந்த தெருக்களில் அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. மனு எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த இடத்தில் எடுத்தார், சர்வே நம்பர் கொண்டு வாருங்கள் என்றார்கள். 1863இல் ஃபூட் பட்டா பார்த்தா குனிந்திருப்பார்? இன்னொரு இடத்தில், அது ராணுவ எல்லைக்குள் வரலாம், எங்களால் ஆகாது என்று மனுவைத் திருப்பித் தந்தார்கள். சரியான குழியை இன்று யாராலும் காட்ட முடியாதுதான். ரயில் நிலைய வாசலில் நட்டால்கூடப் போதும். தினமும் ரயில் பிடிக்க ஓடுகிறவர்களில் நாலு பேராவது நின்று படிப்பார்கள். உங்கள் நிருபர் ஒருவர் இதைப் பற்றி விசாரித்து எழுதினால் மனுவுக்குக் கொஞ்சம் பலம் கிடைக்கும்.

கல்லுக்குச் செலவாகும் என்று யாரும் சொல்ல வேண்டாம். அப்பா கடைசியாகப் பொளிந்து வீட்டுக்குக் கொண்டுவந்த திரிசூலத்துக் கல் ஒன்று எங்கள் பின்கட்டில் கிடக்கிறது. இரண்டடி அகலம், ஒரு பக்கம் நல்ல சமம். அதில்தான் துணி துவைக்கிறோம். வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டேன். எடுத்துக்கொள்ளட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
பழைய பல்லாவரம்.