புகை வந்த இடம்தான் ஊர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதும், முழங்கால் வலி குறைந்து நீ மாடிப்படி ஏறத் தொடங்கியதும் அறிந்து நிம்மதி. இங்கே மகன் வீட்டில் எல்லாரும் சுகம். போன வாரம் அவன் என்னை அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கில் நிகோடெமஸ் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனான். வந்ததிலிருந்து அதே நினைப்பு. உன்னிடம் சொன்னால்தான் ஆறும்.

மரமே அபூர்வமான புல்வெளிச் சீமை. காற்று ஓயாமல் வீசுகிறது. 1877-இல் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும் சிலரோடு சேர்ந்து ஊருக்கு மனை பிரித்தார்கள். அடிமைத்தனம் ஒழிந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் தெற்கே கறுப்பின மக்களுக்கு நிலமும் இல்லை, பயமும் தீரவில்லை. 1862-இன் சட்டப்படி 160 ஏக்கரில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் அது சொந்தம். அந்த ஒரு நம்பிக்கையில் கென்டக்கியிலிருந்து அந்தச் செப்டம்பரில் சுமார் 300 பேர் வந்து இறங்கினார்கள்.

அடுத்த வசந்தத்தில் வந்தவர் வில்லியானா ஹிக்மன் என்ற அம்மாள். எல்லிஸ் ஊர் வரை ரயில். அங்கே கூட்டத்துப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை. அப்புறம் பாதையே இல்லாத வெளியில் இரண்டு நாள் பயணம். ராத்திரியில் நெருப்பு மூட்டி, காட்டு விலங்குகளை விரட்டத் துப்பாக்கி வெடித்தார்களாம். ஒருவழியாக வந்து சேர்ந்ததும், "நிகோடெமஸ் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். தரையிலிருந்து அங்கங்கே எழும்பிய புகையைக் கணவர் காட்டி, அதுதான் என்றாராம். மண்ணைக் குடைந்து அதற்குள்தான் ஜனங்கள் குடியிருந்தார்கள். அந்த அம்மாள் அழுதுவிட்டார். இதை அவரே சொல்லிவைத்துப் போயிருக்கிறார். ஊர் தோன்றிய கதை என்றால் எங்கும் வீரத்தைத்தான் கேட்டிருக்கிறோம். இங்கே அந்த அழுகையையும் பத்திரமாக வைத்திருப்பது என்னை உலுக்கிவிட்டது. அழுதவர் திரும்பிப் போகவில்லை, குடும்பத்தோடு அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பல வருடம் வாழ்ந்தார்.

முதல் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவு கொடுத்ததாக ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். உழ மாடும் குதிரையும் போதாமல் மண்வெட்டியால் கொத்தியே பயிர் வைத்தார்கள். பத்தே வருடத்தில் பள்ளி, சர்ச்சுகள், ஹோட்டல், இரண்டு செய்தித்தாள் என்று ஊர் தழைத்தது.

பிறகு ரயில். 1887-இல் பாதையை ஊருக்குள் இழுக்க 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்களித்துக் காத்திருந்தார்கள். ரயில் வரவில்லை. வேறொரு கம்பெனியின் பாதை பக்கத்து ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது. அதையொட்டி போக் என்ற ஊர் முளைக்க, கடைக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். சில மைல் தூரம்தான், நண்பா! அதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

1996-இல் அதைத் தேசிய வரலாற்று இடமாக அறிவித்தார்கள். இன்று ஐந்து பழைய கட்டடங்களும் சில வீடுகளும்தான் மிச்சம். சுண்ணாம்புக் கல் மண்டபத்தின் சுவரில் கை வைத்தேன். வெயிலில் சுட்டது. ஆனாலும் ஜூலைக் கடைசியில் ஊர் நிரம்பிவிடுமாம். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் நாடெங்கும் இருந்து பிள்ளைகளோடு வந்துவிடுகிறார்கள். 1878 முதலே அடிமை விடுதலை நாளைக் கொண்டாடி வந்த மரபின் தொடர்ச்சி அது.

அடுத்த முறை அந்த நாளில் போகலாம் என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். கால் வலி மறுபடி வந்தால் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்